விசைப்பலகையும் மலையகத் தமிழும்: எழுத்துக் கருவி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் குடிப்பெயர்வு, கூலி, குடியுரிமை, தொழிற்சங்க இயக்கம் என்பவற்றையே பெரிதும் தமது ஆய்வுப் பொருளாகக் கொண்டுள்ளனர். இவை அடிப்படையானவை என்பதில் ஐயமில்லை. ஆயின் இவை யாவற்றுக்கும் ஊடாக ஓடும் இழையொன்று உண்டு. அதுவே எழுத்து. செக்ரோலில் விழும் பெயர், துரைக்குப் போகும் பெட்டிசன், பிறப்புப் பதிவு, பிரசாவுரிமை விண்ணப்பம், அடையாள அட்டை ஆகிய ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு மொழியில், ஏதோ ஒரு கருவியைக் கொண்டு எழுதியாக வேண்டியிருந்தது. எந்த மொழி என்ற வினா 1956 தொட்டு இந்நாட்டு அரசியலின் நடுவிடத்தில் நின்று வந்துள்ளது. எந்தக் கருவி என்ற வினாவோ அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை.

இக்கட்டுரையில் நாம் அக்கருவியின் ஓர் உறுப்பை மட்டும், அதாவது விசைப்பலகையை மட்டும், எடுத்துக்கொள்கின்றோம். அண்மைக் காலத்தில் தமது விசைப்பலகையைத் தாமே வடிவமைத்துக் கொள்ளும் முயற்சி உலகின் பல பாகங்களிலும் பரவி வருகின்றது. பலகையை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு கைக்கும் ஒரு பாதியை வைத்துக்கொள்வதும், அதனுள் நின்று இயக்கும் நிலைபொருளை, அதாவது ஃபர்ம்வேரை, தாமே மாற்றி எழுதுவதும் இம்முயற்சியின் சிறப்பியல்புகள். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆயின் எழுத்துகள் விரல்களுக்கு எவ்வாறு பங்கிடப்படுகின்றன, அப்பங்கீட்டை யார் தீர்மானிக்கின்றனர் என்ற வினாக்களை அது மீண்டும் எழுப்பியுள்ளது. தமிழைப் பொறுத்தவரை, குறிப்பாக மலையகத்தைப் பொறுத்தவரை, இவை மொழியுரிமையோடு நேரடித் தொடர்புடைய வினாக்கள் என்பதே நமது கருத்து.

1. தோட்டத்திற் பேச்சும் எழுத்தும்

கோப்பிப் பயிர்ச்செய்கையோடு தோன்றி, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டதன் பின் நிலைபெற்ற பெருந்தோட்டப் பொருளாதாரம், தென்னிந்தியத் தமிழ்க் கிராமங்களிலிருந்து வந்த உழைப்பாளரின் உழைப்பிலேயே எழுந்தது. அத்தோட்டங்களில் இரு மொழிகள் தத்தமக்குரிய எல்லைகளுக்குள் வழங்கின. பிரட்டுக்களத்திலும் மலையிலும் லயத்திலும் வழங்கியது தமிழ். கந்தோரில் வழங்கியது ஆங்கிலம். துரைமார் தமிழை அறியாதவர்கள் அல்லர். வேலை வாங்குவதற்கு வேண்டிய அளவு தமிழை அவர்கள் கற்றே ஆகவேண்டியிருந்தது. அதற்கெனச் சிறு கைந்நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலே வெளிவந்தன. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்றின் தலைப்பு 'இங்கே வா' என்பதாகும். தலைப்பே ஏவல் வினையாக அமைந்தமை தற்செயலன்று. இந்நூல்களில் தமிழ்ச் சொற்கள் றோமன் எழுத்தில் அச்சிடப்பட்டன. தோட்ட நிருவாகத்துக்குத் தமிழின் ஒலி தேவைப்பட்டது. தமிழின் எழுத்துத் தேவைப்படவில்லை.

'துண்டு' என்ற சொல்லின் வரலாறும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. தொழிலாளி மீதுள்ள கடன் தொகையைக் குறித்து, அது தீர்க்கப்படின் அவரை விடுவிப்பதாகத் துரை கையொப்பமிட்டுக் கொடுத்த கடதாசியே துண்டு. இச்சொல் இலங்கைத் தோட்டத்துரைமாரின் ஆங்கிலத்திலும் சட்ட நூல்களிலும் அவ்வாறே இடம்பெற்றது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, மனிதரை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றும் பத்திரமாக அது விளங்கிற்று. தமிழ்ச் சொல்லொன்று ஆங்கிலத்திற் புகுந்து, தமிழரைக் கட்டி வைக்கும் கருவியாயிற்று.

இந்நிலையில், அதிகாரத்தை நோக்கிப் பேச விரும்பிய தொழிலாளிக்கு இடையாள் ஒருவர் இன்றியமையாதவரானார். தோட்டத்துக் கிளாக்கர், கச்சேரிக்கு முன்னால் அமர்ந்த பெட்டிசன் எழுதுபவர், பின்னாளில் தொழிற்சங்கப் பிரதிநிதி எனப் பலரும் அப்பணியைச் செய்தனர். 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய தமிழ் ஏடுகளை நடாத்தியவரும், 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவரும், 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவருமான கோ. நடேசய்யர் அச்சுக்கூடத்தின் வலிமையை நன்குணர்ந்தவர். தமிழ் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட துண்டுப்பிரசுரமும் பத்திரிகையும் தொழிலாளரிடையே தமிழிற் பேசின. எனினும் அச்சுக்கூடம் மக்களை நோக்கிப் பேசும் கருவி; தட்டெழுத்துப்பொறி நிருவாகத்தை நோக்கிப் பேசும் கருவி. அச்சிலே தமிழ் இருந்தது. கந்தோர் மேசையில் இருந்த பொறியில் ஆங்கிலமே இருந்தது.

மலையகத்தின் முதன்மையான இலக்கியக் குரல்களில் ஒருவரான சி. வி. வேலுப்பிள்ளை தமது புகழ்பெற்ற நெடுங்கவிதையை ஆங்கிலத்திலேயே எழுதினார் என்பதும், அது 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயரில் சக்தீ பால ஐயாவால் தமிழாக்கப்பட்டுப் பின்னரே தமிழ் வாசகரை அடைந்தது என்பதும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கவை. தம் மக்களின் துயரை அதிகாரமுடையோர் கேட்க வேண்டுமாயின் அவர்களது எழுத்திலேயே சொல்ல வேண்டும் என்ற நிலை, தனிமனிதரின் மொழித்தேர்வு மட்டுமன்று. அது ஒரு காலத்தின் நிர்ப்பந்தம்.

2. இரும்பிற் பதிந்த தமிழ்

ஆங்கிலத் தட்டெழுத்துப்பொறி 1874இல் ரெமிங்டன் நிறுவனத்தின் வாயிலாகச் சந்தைக்கு வந்தது. ஷோல்ஸ் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்த எழுத்தொழுங்கு, அப்பொறியின் நெம்புகோல்களுக்கு ஏற்ப உருவானது. 26 எழுத்துகளையுடைய மொழிக்கு நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகள் தாராளமாகப் போதும். 247 எழுத்துகளையுடைய தமிழை அப்பலகையில் எவ்வாறு அமர்த்துவது?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் அரசோ பெருநிறுவனமோ அன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இற் பிறந்து, இளமையிலேயே மலாயா, சிங்கப்பூர் சென்று எழுதுவினைஞராகப் பணியாற்றிய ஆர். முத்தையா என்பவரே தமிழ்த் தட்டெழுத்துப்பொறியின் தந்தை எனப் போற்றப்படுகிறார். அவர் வகுத்த ஒழுங்கில் அமைந்த பொறிகள் ஜேர்மனியில் உருவாக்கப்பட்டன. கங்காணி முறையால் தமிழகத்து உழவர் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கொண்டுசெல்லப்பட்ட அதே பேரரசு, ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞரை மலாயாவின் கந்தோர்களுக்கும் புகையிரதப் பகுதிக்கும் அனுப்பிற்று. முன்னவரின் கை கொழுந்துக்கும் இறப்பர்ப் பாலுக்கும் பழகியது. பின்னவரின் கை விசைப்பலகைக்குப் பழகியது. தமிழ்த் தட்டெழுத்துப்பொறி இவ்விரண்டாம் பிரிவினரிடையே பிறந்தது என்ற வர்க்க உண்மையை நாம் மறத்தலாகாது.

முத்தையாவின் சாதனை எழுத்துகளைச் சுருக்கியதில் மட்டும் அடங்கியதன்று. சாதாரணப் பொறியில் ஓர் எழுத்தை அடித்ததும் தாள் ஓரிடம் நகர்ந்துவிடும். 'கி', 'வி' போன்ற எழுத்துகளில் மெய்வடிவோடு மேல்விலங்கு ஒட்டி நிற்க வேண்டும். இதற்காக அவர் அமைத்ததே நகராவிசை. அவ்விசை குறியைப் பதிக்கும், தாளை நகர்த்தாது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். உகர வரிசையோ வேறுவகைச் சிக்கலைத் தந்தது. கு, சு, டு, மு என ஒவ்வொன்றும் தனித்தனி வடிவுடையது. ஒரே குறியால் அவற்றை ஆக்கவியலாது. தட்டெழுத்து வழிவந்த ஒழுங்குகள் இதனை மாற்றுவிசையால் தீர்த்தன. ககர விசையைத் தனியே அழுத்தினால் 'க'. மாற்றுவிசையோடு அழுத்தினால் 'கு'. ஒரே விசையில் இரண்டு அடுக்குகள் என்ற இக்கருத்து, பின்னர் நாம் நோக்கப்போகும் நிலைபொருளின் மையக் கருத்தாகவும் அமைகின்றது.

இப்பொறியில் மொழியின் ஒழுங்கு இரும்பிற் பதிந்திருந்தது. அதனை வாங்கியவர் அதனை மாற்றவியலாது; தம் விரல்களையே மாற்றிக்கொள்ள வேண்டும். 'யளனக' என இடக்கை விரல்களுக்குப் பாடம் சொல்லித் தரும் தட்டெழுத்து வகுப்புகள், மனிதக் கையை இரும்பின் ஒழுங்குக்கு வசப்படுத்தும் கூடங்களாகவே விளங்கின.

3. சட்டத்தில் தமிழ், மேசையில்?

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பிக்கப்பட்டும், ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே பிரசாவுரிமை பெற்றனர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் 1974இன் ஒப்பந்தமும் எஞ்சியோரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டன. இவ்வரலாறு பலராலும் எழுதப்பட்டது. ஈண்டு நாம் சுட்ட விரும்புவது ஒன்றே: இம்மக்களின் உரிமை, வதிவிடத்தை நிறுவும் பத்திரங்களில் தொங்கியது, அப்பத்திரங்களோ அவர்களது எழுத்தில் இருக்கவில்லை.

தமிழிலே வேறுபட்ட ல, ள, ழ என்னும் மூன்றும் ஆங்கிலத்தில் ஓரெழுத்தாயின. தமிழில் ஒரே வடிவாயுள்ள ககரமும் பகரமும் சிங்களத்தில் ஒலிப்புக்கேற்ப வேறு வேறு எழுத்துகளாயின. பதிவு செய்தவர் தம் காதிற் பட்டவாறு ஒன்றைத் தெரிந்தெடுத்தார். இவ்வாறு பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என ஒரே மனிதர் பலராயினர். வாழ்நாள் முழுதும் உழைத்தபின் ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும்போது, தாமே அவர் என நிறுவ வேண்டிய நிலை தொழிலாளிக்கு ஏற்பட்டது. எழுத்துக் கருவி பற்றிய ஆராய்ச்சி வயிற்றுப்பாட்டோடு தொடர்பற்றது என்பார்க்கு இதுவே விடையாகும்.

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின், சிங்களத் தட்டெழுத்தை நியமப்படுத்தும் பணியில் அரசு நேரடியாக ஈடுபட்டது. விஜேசேகர ஒழுங்கு எனப்படும் சிங்கள விசைப்பலகை அதன் பயனேயாகும். தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் 1958இல் நிறைவேறினும், அதற்கான பிரமாணங்கள் 1966இலேயே வந்தன. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஒரு பிரதேசத்தின் சிறுபான்மை மொழியினர் எட்டிலொரு பங்கை விஞ்சின் அங்கு இருமொழி நிருவாகத்துக்குப் பணிக்கலாம் என்ற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைக்கு அமைய, 1999இல் நுவரெலியா மாவட்டத்துப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அம்மாவட்ட மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியத் தமிழர் எனப் பதிவாயினர். பெரும்பான்மையோரின் மொழி, எட்டிலொரு பங்கினருக்கான ஏற்பாட்டின் வழியாகவே கந்தோருக்குள் நுழைய நேர்ந்தமை நோக்கத்தக்கது.

கணினி வந்தபோது பழைய தட்டெழுத்து ஒழுங்கே அதனுள்ளும் குடிபுகுந்தது. இலங்கையில் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு அவ்வழி வந்ததே. பாமினியிற் பதிந்த தமிழ் உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேற் போர்த்திய தமிழ் உரு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே ஆவணம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். 1991இல் யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தும், இவ்வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 2008இல் வெளியான எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலங்கை நியமம் தட்டெழுத்து மரபிலமைந்த ரெங்கநாதன் ஒழுங்கை ஏற்றது. தமிழ்நாட்டிலோ 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையடுத்து, ஒலிமுறையில் அமைந்த தமிழ்99 ஒழுங்கு நியமமாயிற்று. இவ்வாறு ஒரே மொழிக்கு இரு கரைகளிலும் இரு ஒழுங்குகள் நிலைபெற்றன.

4. பிளவுபட்ட பலகை

இனி, பலகையை இரண்டாகப் பிரிக்கும் கருத்தின் தோற்றத்தை நோக்குவோம். நேர்வரிசைப் பலகையில் இரு கைகளும் உடலின் நடுவே நெருங்குகின்றன. முன்கைகள் உட்சாய, மணிக்கட்டுகள் வெளிப்புறமாகத் திரும்புகின்றன. உள்ளங்கைகள் முழுதும் கீழ்நோக்கிப் புரள்கின்றன. 1926இல் ஜேர்மனியில் கிளொக்கன்பேர்க் என்பார் இவ்வமைப்பைக் கண்டித்து, பலகையை இரு பாதிகளாக்கிச் சாய்த்து வைக்க வேண்டுமென எழுதினார். 1972இல் குறோமர் இதனைச் சோதனை முறையில் ஆராய்ந்தார். 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் லிலியன் மோல்ட் என்ற தட்டெழுத்துப் பயிற்றுநரும் ஸ்டீபன் ஹொப்டே என்ற பொறியியலாளரும் 'மோல்ற்றன்' எனும் பலகையை உருவாக்கினர். விரல்களின் நீளத்துக்கேற்பக் குழிந்த தளமும், பெருவிரல்களுக்கெனத் தனி விசைக் கூட்டமும் அதன் சிறப்புகள். 1994இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நடுவே பிரிந்த பலகையைப் பெருந்தொகையாக விற்கத் தொடங்கியது.

இவை யாவும் நிறுவனங்களின் ஆக்கங்கள். 2011 அளவில் எர்கோடொக்ஸ் என்னும் வடிவமைப்புத் திறந்த முறையில் வெளியிடப்பட்டமை புதியதொரு திருப்பமாகும். அதன் வரைபடத்தை எவரும் பெறலாம், திருத்தலாம், தாமே பற்றாசு பிடித்து ஆக்கிக்கொள்ளலாம். பின்னர் 42 விசைகள் மட்டுமே கொண்ட கோர்ன் போன்ற சிறு பலகைகளும் தோன்றின. இவற்றில் ஒவ்வொரு பாதியிலும் 21 விசைகள். அவற்றுள் மூன்று பெருவிரலுக்குரியவை. ஒவ்வொரு விசையின் கீழும் வில்லும் உலோகத் தொடுகையும் கொண்ட தனி ஆளி உண்டு. 21 விசைகளுக்கு 21 கம்பிகள் வேண்டியதில்லை. நான்கு கிடைவரிசைகளும் ஆறு நெடுவரிசைகளும் கொண்ட வலையாக அவை பிணைக்கப்படுகின்றன. நுண்கட்டுப்படுத்தி அவ்வலையை ஒரு செக்கனிற் பன்னூறு தடவை நோட்டமிட்டு, எச்சந்தி மூடியுள்ளது எனக் காண்கின்றது. மின்னோட்டம் பின்திரும்பி அழுத்தாத விசையை அழுத்தியதாகக் காட்டாதிருக்க, ஒவ்வோர் ஆளியோடும் ஓர் இருவாயி இணைக்கப்படும். க. பொ. த. உயர்தரத்திற் பௌதிகவியல் பயிலும் மாணவர் அறியாதது இவற்றுள் ஏதுமில்லை.

5. இரு கைகளில் தமிழ்

ஆங்கிலத்துக்கென எழுந்த இவ்வமைப்பு தமிழுக்கு எவ்வாறு பொருந்தும்? இரு ஒழுங்குகளையும் எடுத்துக்காட்டுகளால் ஒப்புநோக்குவோம்.

பாமினி ஒழுங்கில் 'தமிழ்' என்ற சொல்லை எழுத த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி என ஐந்து விசைகளை அழுத்த வேண்டும். ஐந்தும் வலக்கையைச் சேர்ந்தவை. அவற்றுள் இரண்டு வலக்கைச் சிறுவிரலுக்குரியவை. தமிழில் மிகுதியாக வரும் குறிகளுள் ஒன்றாகிய புள்ளி, கையின் மிக நலிந்த விரலுக்கு விடப்பட்டுள்ளது. மொழியின் பெயரையே ஒரு கை சுமக்க, மறு கை வாளாவிருக்கின்றது.

தமிழ்99 ஒழுங்கில் இடப்பாதியின் மூன்று வரிசைகளிலும் உள்ள 15 விசைகளில் உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் வகர, ஙகரங்களும் அமைகின்றன. எஞ்சிய 16 மெய்களும் வலப்பாதியில் அமைகின்றன. ஆகவே பலகையை நடுவே பிரிக்கும்போது, உயிர் ஒரு கையிலும் மெய் மறு கையிலும் வந்து சேர்கின்றன. தொல்காப்பியர் காலந்தொட்டு வழங்கும் எழுத்துப் பாகுபாடு இரு கைகளுக்கும் இடையிலான பாகுபாடாகின்றது. 'கொழுந்து' என்ற சொல்லைக் கொள்வோம். தமிழ்99இல் க, ஒ, ழ, உ, ந, த, உ என ஏழு அழுத்தங்கள். வல, இட, வல, இட, வல, வல, இட என இரு கைகளும் பெரிதும் மாறி மாறி இயங்குகின்றன. நகரத்தை அடுத்துத் தகரம் வரின் புள்ளி தானே இடப்படும். பாமினியிலும் ஏழு அழுத்தங்களே. ஆயின் 'ழு', 'து' என்பவற்றுக்கு மாற்றுவிசையும் சேர வேண்டும். ஏழில் ஐந்து வலக்கையினவாகும்.

இதனினும் ஆழமான வேறுபாடு ஒன்றுண்டு. பாமினியில் 'மலை' என எழுதுபவர் மகரத்தை அடுத்து ஐகாரக் குறியை அழுத்தி, அதன் பின்னரே லகரத்தை அழுத்துகிறார். இது கண் காணும் வரிசை. தமிழ்99இல் ம, ல, ஐ என வரும். இது வாய் சொல்லும் வரிசை. முன்னது தாளில் எழுதும் கைக்குப் பழகியது. பின்னது மொழியின் இலக்கணத்துக்கு நெருக்கமானது. இவற்றுள் ஒன்று சரி, மற்றது தவறு என நாம் தீர்ப்பளிக்க முற்படவில்லை. தட்டெழுத்து வழிவந்த ஒழுங்கில் இருபதாண்டு பழகிய எழுதுவினைஞரின் விரற்பழக்கமும் ஓர் உழைப்புச் செல்வமே. அதனை ஒரு சுற்றறிக்கையால் அழித்தல் தகாது.

6. நிலைபொருள்: தீர்மானிக்கும் இடம்

இங்கேதான் நிலைபொருளின் முக்கியத்துவம் வெளிப்படுகின்றது. சாதாரணக் கணினி விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்ற குறியெண்ணையே அனுப்புகின்றது. அதனை எழுத்தாக்குவது கணினியின் இயக்க முறைமை. ஆகவே முத்தையாவின் காலத்தில் இரும்பில் இருந்த மொழி ஒழுங்கு, கணினிக் காலத்தில் தொலைதேசத்துப் பெருநிறுவனங்களின் மென்பொருளுக்குள் இடம்பெயர்ந்தது. இவ்விரு நிலைகளிலும் எழுதுபவர் ஏற்பவராகவே இருந்தார்.

திறந்த நிலைபொருள்கள் இவ்வுறவைச் சிறிதேனும் மாற்றுகின்றன. யப்பானிய நிரலாளர் ஜுன் வாக்கோ எழுதிய டி.எம்.கே.யும், அதிலிருந்து கிளைத்து ஜாக் ஹம்பர்ட் முதலியோரால் வளர்க்கப்பட்ட கியூ.எம்.கே.யும் இவ்வகையின. இவற்றின் மூல நிரலை எவரும் வாசிக்கலாம், மாற்றலாம். எவ்விசை எதனைச் செய்யும் என்பது ஒரு சிறு அட்டவணையாக எழுதப்படுகின்றது. அத்தகைய அட்டவணைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். பெருவிரல் விசையொன்றை அழுத்திப் பிடித்தால் அடுத்த அடுக்கு மேலே வரும். ஒரே விசை தட்டினால் ஒன்றையும் அழுத்திப் பிடித்தால் வேறொன்றையும் செய்யுமாறு அமைக்கலாம்.

இதனைத் தமிழுக்கு இயைத்துப் பார்ப்போம். ரெங்கநாதன் ஒழுங்கிற் பழகியவர் அதனை முழுதும் கைவிடாமலே, புள்ளியை மட்டும் சிறுவிரலிலிருந்து பெருவிரலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலப் பொறியிற் பெருவிரலுக்கு இடைவெளிக் கட்டையைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. கையின் வலிய விரல் ஏறத்தாழ வேலையற்றிருந்தது. தமிழ்99ஐக் கோர்ன் போன்ற சிறு பலகையில் அமைப்பவருக்கு, மேல்வரிசையின் வலக்கோடியில் இருக்கும் ஞகரத்துக்கு இடம் போதாது. அதனைக் கீழ்வரிசையின் ஓரத்துக்கு இறக்க வேண்டும். இவை சிறு மாற்றங்களே. ஆயின் தமிழ் எழுத்து எங்கே அமைய வேண்டும் என்பதைத் தமிழில் எழுதுபவரே, ஒருவரிடமும் அனுமதி கேளாது, தீர்மானிக்கும் நிலை புதியது.

அட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள இருமொழிக் கந்தோரொன்றின் மேசையை எண்ணிப் பார்ப்பின் இதன் பயன் தெளிவாகும். அங்கு விஜேசேகர ஒழுங்கிற் சிங்களமும், ரெங்கநாதன் ஒழுங்கில் தமிழும், ஆங்கிலமும் ஒரே பலகையில் வேண்டப்படுகின்றன. விசைகளின் மேல் மும்மொழி எழுத்துகளையும் ஒட்டுவது மொழிச்சமத்துவமாகாது. எம்மொழிக்கு மாறுவது எளிதோ அம்மொழியிலேயே கடிதம் எழுதப்படும். மும்மொழியும் மூன்று பெருவிரல் விசைகளின் தூரத்தில் சமமாக நிற்கும் பலகை, சட்டத்தின் சொல்லை மேசைக்குக் கொண்டுவரும் ஒரு வழி. அது தனியே போதாது என்பதும் உண்மையே. தமிழறிந்த உத்தியோகத்தர் இல்லாத கந்தோரில் எப்பலகையும் தமிழ் எழுதாது.

7. ஓர் எதிர்வாதமும் நமது கடமையும்

இம்முயற்சி மேலைநாட்டு நிரலாளரின் ஓய்வுநேரத்திற் பிறந்தது. அதன் உதிரிப்பாகங்களின் விலை ஒரு தோட்டத் தொழிலாளியின் பல நாட் சம்பளம். இன்றைய மலையக இளைஞர் எழுதுவது கைத்தொலைபேசியில் அன்றோ என ஒருவர் வினவலாம். இவ்வினாவை நாம் தட்டிக்கழிக்கவில்லை. கையின் களைப்பை அளந்த மேற்கூறிய ஆய்வுகள் கந்தோர்க் கையையே அளந்தன. பலநூறு தடவை கொழுந்தை நோக்கி நீளும் கையை அவை நோக்கவில்லை. கருவிகளைச் செப்பஞ்செய்யும் அறிவும் வர்க்கச் சார்புடையதே.

ஆயின் கைத்தொலைபேசியில் நிகழ்வது யாது? ஆங்கிலப் பலகையே முதலில் விரியுமாதலால், தமிழ் இளைஞர் பலர் தமிழ்ச் சொற்களை றோமன் எழுத்தில் எழுதுகின்றனர். 'இங்கே வா' நூலின் எழுத்துமுறை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின் திரும்பி வந்துள்ளது. அன்று அது துரையின் தேவை. இன்று அது நம்மவரின் வழக்கம். ஒலி உண்டு, எழுத்து இல்லை என்ற பழைய தோட்டத்து நிலை, எவரது கட்டளையுமின்றிக் கருவியின் அமைப்பினாலேயே மீள்கின்றது. எனவே கருவியின் அமைப்பைத் தமிழர் தம் கைக்குக் கொண்டுவருதல் பொழுதுபோக்காகாது.

இவ்வகையில் பல்கலைக்கழகங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சில பணிகள் உள. மலையகத்தில் உண்மையில் எழுதப்படும் விண்ணப்பங்கள், சங்கக் கடிதங்கள், பதிவேடுகள் என்பவற்றைக் கொண்டு எவ்வெழுத்து எத்தனை தடவை வருகின்றது என எண்ணுதல் முதலாவது. அக்கணக்கின் அடிப்படையில், நியம ஒழுங்குகளை அழிக்காது, பெருவிரலையும் பயன்படுத்தும் பிளவுபட்ட பலகையொன்றை வரைதல் இரண்டாவது. அதன் வரைபடத்தையும் நிலைபொருளையும் தமிழ் விளக்கத்தோடு எவரும் பெறத் திறந்து வைத்தல் மூன்றாவது. பொறியியற் பீடத்தினரும் தமிழ்த்துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்தால் இது கைகூடும். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆசிரியராகப் பயிலுவோர் அதனைப் பாடசாலைகளுக்குக் கொண்டு செல்லலாம். ஒரு பலகையை ஆக்கும் மாணவர் இருவாயியையும் வலையமைப்பையும் நிரலையும் கற்பதோடு, உயிரையும் மெய்யையும் புதிதாகக் கற்பார்.

சுண்டிக்குளியிற் பிறந்த ஒரு கந்தோர் எழுதுவினைஞர், தம் மொழிக்கு இடமில்லாத பொறியைக் கண்டு, அதனைத் தம் மொழிக்கு இசைவித்தார். அவருக்கு ஜேர்மனியத் தொழிற்சாலை தேவைப்பட்டது. இன்று தேவைப்படுவது பற்றாசுக் கோலும் சிறு மின்சுற்றுப் பலகையும் கூட்டு முயற்சியுமே. நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் எழுதிய பத்திரங்களில் தம் பெயரைத் தேடிய மக்கள், அப்பெயரைத் தம் எழுத்தில், தாம் வகுத்த ஒழுங்கில், தம் கையாலேயே பதிக்கும் நாள், மொழியுரிமை சட்டத்திலிருந்து வாழ்க்கைக்கு இறங்கும் நாளாக அமையும்.